நீண்ட நோர்வேஜியச் சொல்லில் அழுத்தம் எங்கே விழ வேண்டும்?

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை செய்யும் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கிச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் படித்தவர், கல்யாணமாகி நோர்வே வந்தவர். முதல் சில வருடங்கள் வடக்கே ஃபின்மார்க்கில், கணவர் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த ஊரில் இருந்தார்கள். அப்புறம் தெற்கே வந்துவிட்டார்கள். நோர்வேஜிய மொழித் தேர்வில் (ஏ1, ஏ2, பி1, பி2 என்று நிலைகள் ஏறும்) இவருக்கு வாசிப்பும் எழுத்தும் பி2. வாய்மொழி மட்டும் ஏ2-ஐத் தாண்டவில்லை. குடியுரிமை விண்ணப்பம் அதனாலேயே நின்றுபோயிருக்கிறது.

ஒரு நாள் மாலை வேலையில் மருந்து அலமாரியின் சாவியைக் காணவில்லை. பொறுப்பில் இருந்த தாதிக்குப் போன் எடுத்து, 'மெதிஸீன்ஸ்காப்' சாவி எங்கே என்று கேட்டிருக்கிறார். 'மெதிஸீன்ஸ்க்... என்னது?' என்று அந்தப் பக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப அதே கேள்வி. கடைசியில் பக்கத்தில் நின்ற இன்னொரு பெண் போனை வாங்கி, அதே சொல்லை ஒரே தடவை சொன்னார், விஷயம் முடிந்தது. அடுத்த வாரம் மேலாளர் கூப்பிட்டு, இனிமேல் நீங்கள் போனில் கதைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"அக்கா, நான் ஒவ்வொரு எழுத்தையும் விடாமல், ஆறுதலாகச் சொன்னேன். என்னுடைய நாக்குத்தான் தடித்ததோ? பேச்சுச் சிகிச்சை எடுக்கவா? முதல் எழுத்தில் அழுத்திச் சொன்னால் சரி என்கிறார் கணவர், அதைச் செய்தாலும் சில சொல்லுக்குச் சிரிக்கிறார்கள். 'பொன்னெர்' என்ற சொல்லுக்கே இரண்டு இராகம் இருக்கிறதாமே, முதலில் அதையா படிக்க வேண்டும்? எழுதும்போது நீளமான சொற்களைப் பிரித்துப் பிரித்து எழுதுகிறேன், தெளிவாக இருக்கட்டும் என்று. அதுவும் பிழை என்கிறான் எட்டு வயது மகன். வீட்டில் தமிழை நிறுத்திவிட்டால் சரியாகுமா? போனைத் தொடக் கூடாது என்று சொல்ல மேலாளருக்கு உரிமை இருக்கிறதா?" இவ்வளவும் கேட்டிருக்கிறார்.

சரி, தங்கச்சி. ஒவ்வொன்றாக வருவோம்.

உங்கள் நாக்கில் ஒரு குறையும் இல்லை. 'தமிழில் கதைத்தால் ஒருவருக்கும் விளங்காமல் போனதில்லை' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு மொழியில் சரியாக வேலை செய்யும் நாக்கு இன்னொரு மொழியில் மட்டும் நோயாளியாகிவிடாது. என்னைப் போன்ற பேச்சுச் சிகிச்சையாளரிடம் வர வேண்டியவர்கள் பக்கவாதத்துக்குப் பின் சொல் வராமல் தவிப்பவர்கள், திக்குபவர்கள், குரல் கெட்டவர்கள். தாய்மொழியின் சாயல் நோய் அல்ல. காசு கொடுத்து உச்சரிப்புப் பயிற்சி எடுப்பதில் தவறில்லை, ஆனால் அது பயிற்சிதான், சிகிச்சை என்று நினைத்துப் போகாதீர்கள். தமிழிலும் நாக்குக் குழறத் தொடங்கினால், குரல் வாரக்கணக்கில் கரகரத்தால், மற்றவர்கள் சொல்வது முன்போல் காதில் விழவில்லை என்று பட்டால், அப்போது குடும்ப வைத்தியரிடம் போங்கள். குழறல் திடீரென்று வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். வைத்தியரிடம் நேரம் எடுத்துக் காத்திருக்காமல் உடனே அவசர மருத்துவ எண்ணான 113-ஐ அழைக்க வேண்டும்.

உங்கள் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. அதையும் கடிதத்தில் நீங்களே சொல்லிவிட்டீர்கள்: "ஒவ்வொரு எழுத்தையும் விடாமல் சொன்னேன்." தமிழில் அதுதான் நல்ல பேச்சு. எல்லா அசைக்கும் உரிய மாத்திரை அளவைக் கொடுத்தால் தமிழ்க் காதுக்குத் தெளிவு. நோர்வேஜியக் காது அப்படிக் கேட்பதில்லை. ஒரு சொல்லில் ஒரே ஓர் அசை எழுந்து நிற்க வேண்டும், மற்றவை அதற்கு அடங்க வேண்டும். எழுந்து நிற்கும் அந்த அசையை வைத்துத்தான் எது எந்தச் சொல் என்று அவர்கள் பிடிக்கிறார்கள். எல்லா அசையையும் நீங்கள் ஒரே உயரத்தில் நிறுத்தினால் அவர்களுக்குப் பிடிமானம் கிடைக்காது. நீங்கள் எவ்வளவு ஆறுதலாகச் சொல்கிறீர்களோ, அவர்களுக்கு அவ்வளவு குழப்பம்.

பொருத்தைக் கண்டுபிடியுங்கள்

நோர்வேஜிய மொழி சொற்களை ஒட்டி ஒட்டி நீட்டும். ஒட்டிய இடத்தைப் பொருத்து என்று வைத்துக்கொள்வோம். உங்களை அன்று வீழ்த்திய சொல்லையே எடுப்போம். 'மெதிஸீன்' என்றால் மருந்து, 'ஸ்காப்' என்றால் அலமாரி. பொருத்து 'ஸீன்'-க்கும் 'ஸ்காப்'-க்கும் நடுவில். ஆனால் 'மெதிஸீன்ஸ்க்' என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது, 'மருத்துவம் சார்ந்த' என்று பொருள். நீங்கள் 'மெதிஸீன்ஸ்' வரை ஒரே மூச்சில் வந்து, அங்கே கொஞ்சம் தங்கி, பிறகு 'காப்' என்றிருப்பீர்கள். அல்லது நம்மவர்கள் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' ஆக்குவதுபோல் 'மெதிஸீன்-இஸ்-காப்' என்று நடுவில் ஓர் இகரம் புகுந்திருக்கும். எப்படியானாலும் தாதியின் காதில் பொருத்து இடம் மாறி விழுந்துவிட்டது. 'மருத்துவம் சார்ந்த... என்னது?' என்று அவர் கேட்டதில் ஆச்சரியம் இல்லை, கிண்டலும் இல்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் கேட்டது.

இது நமக்குப் புதிய சங்கதி அல்ல. 'செம்பொன்பதின்றொடி' என்று தொல்காப்பிய உரைகாரர்கள் காட்டும் ஓர் உதாரணம் உண்டு. செம்பொன் பத்துத் தொடி என்றும் பிரிக்கலாம், செம்பு ஒன்பது தொடி என்றும் பிரிக்கலாம். எழுத்து ஒன்றுதான், பொன்னா செம்பா என்பது சொல்லும் இசையில்தான் தெரியும் என்கிறது இலக்கணம். நோர்வேஜியர்கள் அதே வேலையை நாள் முழுக்க, பஸ்ஸிலும் கடையிலும் செய்கிறார்கள். அவர்களுக்குள் ஓடும் ஒரு பகிடியைப் பாருங்கள். 'குல்தூரூகெ' என்று ஒரே சொல்லாக எழுதினால் அது கலாசார வாரம். 'குல்தூர்' என்பது கலாசாரம், அதன் அழுத்தம் 'தூர்'-இல். அதே எழுத்துகளை 'குல்' என்று தொடக்கத்தில் அழுத்திச் சொன்னால் 'குல்', 'தூர்', 'ஊகெ' என்று மூன்றாகப் பிரிந்து, 'ஜாலியான சுற்றுலா வாரம்' ஆகிவிடும். அழுத்தம் ஓர் அசை தள்ளி விழுந்தால் போதும், கலாசார வாரம் சுற்றுலாவாகிவிடுகிறது.

பொருத்தைக் கண்டுபிடிக்க மொழியே சில அடையாளங்களை வைத்திருக்கிறது. இரண்டு சொல் ஒட்டும்போது நடுவில் சில வேளை ஒரு 'ஸ்' அல்லது 'எ' வரும். அந்த 'ஸ்' எப்போதும் முன் சொல்லோடு போகும், பின் சொல்லோடு போகாது. 'வீன்க்லஸ்' என்றால் வைன் கிண்ணம், அதில் 'ஸ்' இல்லை. சிவப்பு வைன் கிண்ணம் என்றால் 'ரோவீன்ஸ்-க்லஸ்', இங்கே 'ஸ்' வந்துவிட்டது. முன் பகுதியான 'ரோவீன்' ஏற்கெனவே இரண்டு சொல் சேர்ந்தது என்பதால் வந்த 'ஸ்' அது. பெரிய பொருத்து இங்கே என்று கையைப் பிடித்துக் காட்டுகிறது. உங்கள் வேலையிடச் சொற்களில் இதைத் தேடிப் பாருங்கள். முதியோர் இல்லப் பிரிவு 'ஸ்யூகெயெம்ஸ்-அவ்தேலிங்', இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி 'ப்லூத்ரிக்ஸ்-மோலெர்'. இரண்டிலும் 'ஸ்' முடிகிற இடத்தில்தான் பெரிய பொருத்து.

'முதல் எழுத்தில் அழுத்து' என்பது பாதி உண்மை

உங்கள் கணவர் சொன்னது முழுப் பிழை அல்ல. ஆனால் விதி 'முதல் எழுத்து' இல்லை, 'முதல் சொல்'. ஒட்டிய சொல்லில் முதலில் நிற்கும் சொல் தனியாக நின்றால் எந்த அசையில் அழுத்தம் பெறுமோ, அங்கேதான் முழுச் சொல்லின் அழுத்தமும்.

வைத்தியர் 'லேகெ', அழுத்தம் 'லே'-யில். அலுவலகம் 'கொந்தூர்', அழுத்தம் கடைசியில், 'தூர்'-இல். இரண்டும் சேர்ந்த 'லேகெகொந்தூர்'-இல் 'லே' எழுந்து நிற்கும், 'தூர்' அடங்கிவிடும். இதே 'கொந்தூர்' முன்னால் வந்து 'கொந்தூர்ஸ்தூல்', அதாவது அலுவலக நாற்காலி ஆனால், இப்போது 'தூர்'-இல் அழுத்தம், 'கொந்'-இல் அல்ல. தொலைபேசி எண் 'தெலெஃபூன்நும்மெர்' என்பதில் மூன்றாவது அசையான 'ஃபூன்'-இல்தான் அழுத்தம். பொலிஸ் நிலையம் 'பொலிதீஸ்தஷூன்' என்பதில் 'தீ'-யில். மருந்து அலமாரியில் 'ஸீன்'-இல். உங்களைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றீர்களே, நீங்கள் 'தெ'-யிலும் 'பொ'-விலும் ஓங்கி அடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை. கிழக்கு நோர்வேயின் பழைய பேச்சுவழக்கில் ஊர்க்காரர்களே 'பொலிதீ', 'ஸ்தஷூன்' போன்ற இரவல் சொற்களுக்கு முதல் அசையில் அழுத்தம் கொடுப்பார்கள். உங்கள் இல்லத்தில் உள்ள முதியவர்கள் சிலர் அப்படிக் கதைப்பதைக் கேட்டிருக்கலாம். அவர்கள் வாயில் அது வட்டார வழக்கு, நம் வாயில் அது பிழை. நியாயம் இல்லைதான், ஆனாலும் தேர்வு அறையில் புத்தக வழக்கோடு போங்கள்.

இன்னொன்று, தொடக்கத்தில் நிற்பதெல்லாம் சொல் அல்ல. 'ஃபோர்நாவ்ன்', அதாவது முதற்பெயர், உண்மையான கூட்டுச்சொல், 'ஃபோர்'-இல் அழுத்தம். 'ஃபொஷ்தோ' என்றால் விளங்கிக்கொள்வது. அதில் முன்னால் நிற்பது வெறும் ஒட்டு, அதனால் அழுத்தம் 'தோ'-வுக்குப் போய்விடும்.

அழுத்தம் என்றால் சத்தம் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, முக்கியமானது நீளம். இங்கே தமிழருக்கு ஓர் ஆதாயம் இருக்கிறது. குறில், நெடில் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. 'தாக்' என்றால் கூரை, 'தக்' என்றால் நன்றி. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் இந்த இரண்டில் தடுமாறுவார், நீங்கள் தடுமாற மாட்டீர்கள். அழுத்தம் பெறும் அசையில் ஒன்று உயிர் நீளும், அல்லது மெய் இரட்டிக்கும். இரண்டும் ஒன்றாக நீளாது. நம்முடைய 'தாக்கு' போல நெடிலும் இரட்டை மெய்யும் சேர்ந்து வரும் அசைக்கு அங்கே இடம் இல்லை. அதை மட்டும் கவனித்தால் போதும்.

அழுத்தம் இல்லாத 'எ' வேறு கதை. 'லேகெ', 'ஸ்யூகெ' ஆகியவற்றின் கடைசி எகரத்தை நீங்கள் முழு எகரமாகச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதைக் குற்றியலுகரம்போல் குறுக்கிவிடுங்கள். நம் 'பாட்டு'-வின் கடைசி உகரத்துக்கு எவ்வளவு மாத்திரையோ அவ்வளவே போதும். பின் சொல்லின் நெடில் மட்டும் நெடிலாகவே இருக்கட்டும். 'ஸ்காப்'-இன் ஆகாரத்தைக் குறுக்க வேண்டாம், குரலை மட்டும் எழுப்பாதீர்கள். சொல்லின் முடிவில் உகரம் சேர்க்கும் பழக்கத்தையும் விட வேண்டும். இரவு வேலை 'நத்தெவக்த்', மூன்று அசை. 'நத்தெவக்த்து' என்றால் நான்கு அசையாகிவிடும், தாளம் தப்பிவிடும்.

இராகம் பிறகு

'பொன்னெர்' பற்றி. ஓர் இராகத்தில் சொன்னால் விவசாயிகள், மற்ற இராகத்தில் சொன்னால் அவரை விதைகள் அல்லது பிரார்த்தனைகள். உண்மைதான். ஆனால் விவசாயியா அவரையா என்று சந்தேகம் வருகிற வாக்கியத்தை நீங்கள் ஒரு வருடத்தில் எத்தனை தடவை சொல்லப்போகிறீர்கள்? சூழலே காட்டிக் கொடுத்துவிடும். இந்த இரண்டு இராக வேறுபாடு நாடு முழுக்கவும் இல்லை. மேற்குக் கரை நகரமான பெர்கனுக்கு வடக்கே சில இடங்களிலும், ஃபின்மார்க்கின் பல ஊர்களிலும் மக்கள் அது இல்லாமலேயே கதைக்கிறார்கள், ஒருவருக்கும் விளங்காமல் போகவில்லை. நீங்கள் முதலில் காது பழகியது ஃபின்மார்க்கில். அங்கே கேட்காத ஒன்று ஒஸ்லோப் பக்கம் வந்ததும் புதிராகத் தெரிவது இயல்பு.

ஒன்றை மட்டும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஒஸ்லோப் பக்கத்தில் அழுத்தம் பெறும் அசையில் குரல் மேலே போகாது, தாழும். தாழ்ந்து, பிறகு கடைசியை நோக்கி ஏறும். வெளியாருக்கு அவர்கள் பேச்சு ஏதோ கேள்வி கேட்பதுபோல் ஒலிப்பதற்கு அதுதான் காரணம். பெர்கனிலும் வடக்கிலும் நேர்மாறு, அழுத்தத்தில் குரல் மேலே எழும். ஆகவே அழுத்துகிறேன் என்று குரலை உயர்த்திக் கத்த வேண்டாம். அசையை நீட்டுங்கள், குரலைக் கொஞ்சம் இறக்குங்கள்.

எழுதும்போது ஏன் பிரிக்கக் கூடாது

மகன் சொன்னது சரி. சேர்த்து எழுதினால் ஓர் அழுத்தம், பிரித்து எழுதினால் இரண்டு அழுத்தம், இரண்டு பொருள். 'லம்மெலோர்' சேர்ந்திருந்தால் ஆட்டுக்குட்டித் தொடை, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. 'லம்மெ லோர்' என்று பிரித்தால் முடங்கிப்போன தொடைகள். 'ரொய்க்ஃப்ரித்' என்று வாசலில் எழுதினால் புகை பிடிக்கக் கூடாத இடம், நடுவில் இடம் விட்டால் தாராளமாகப் புகையுங்கள். 'ப்ரூன்ஹோரெத்' பெண் என்றால் பழுப்புக் கூந்தல் உள்ளவர். அதைப் பிரித்தால் பழுப்பு நிறமான, உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த பெண். இவையெல்லாம் அவர்கள் ஊர் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிக்கும் பழைய உதாரணங்கள். நோர்வேஜியர்களே இந்தப் பிழையை ஓயாமல் விடுகிறார்கள், கடைப் பலகைகளைப் பார்த்தால் தெரியும். ஆனால் உங்களுக்கு இதில் சிரிப்பைவிட வேறு ஆபத்து இருக்கிறது. தாதி 'ஸ்யூகெப்லெயெர்'. அதைப் பிரித்து 'ஸ்யூகெ' தனியாக எழுதினால் 'நோயுற்ற' என்று பொருள் வரும். வேலைக் குறிப்பில் அப்படி எழுதிவைத்தால் படிப்பவர் ஒரு கணமாவது நின்று யோசிப்பார். நோயாளி பற்றிய குறிப்பில் அந்த ஒரு கணம் வேண்டாம்.

பிரித்து எழுதும் பழக்கம் வாயையும் கெடுக்கிறது என்பது என் அபிப்பிராயம். கண் இரண்டு சொல்லாகப் பார்த்தால் வாய் இரண்டு அழுத்தம் கொடுத்துவிடுகிறது. சேர்த்து எழுதிப் பழகுங்கள்.

மகனுடைய வீட்டுப்பாடத்தில் அசை அசையாகக் கைதட்டச் சொல்கிறார்கள், அவன் தட்டுவதும் வரி முடிவில் சொல்லை உடைக்கிற விதமும் ஒத்துப்போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு. கைதட்டுவது காதுக்கு. வரி முடிவில் கூட்டுச்சொல்லை உடைக்கும்போது பொருத்தில்தான் உடைக்க வேண்டும், அசை எங்கே விழுகிறது என்று பார்க்கக் கூடாது. இரவு ரயில் 'நத்தோக்' என்பதைப் பாருங்கள். 'நத்' என்பதன் முடிவில் இரண்டு 'த்', 'தோக்' என்பதன் தொடக்கத்தில் இன்னொரு 'த்'. அவர்கள் எழுத்தில் மூன்று ஒரே மெய் அடுத்தடுத்து வராது, ஒன்று விழுந்து இரண்டாக நிற்கும். ஆனால் வரி முடிவில் பொருத்தில் உடைத்தால் விழுந்தது திரும்பி வந்துவிடும், முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. பஸ் தரிப்பிடம் 'புஸ்தொப்'-இலும் இதே கதை. கண்ணாடிக் கிண்ணம் 'க்லஸ்கோல்' இன்னும் வம்பு பிடித்தது. பொருத்தைத் தவறாகப் போட்டால் 'கோல்' தனியாகி, கண்ணாடி முட்டைக்கோசு ஆகிவிடும்.

பத்துச் சொல் போதும்

முழு மொழியையும் திருத்தப் போகாதீர்கள். உங்கள் வேலையில் தினமும் வாயில் வரும் பத்து நீண்ட சொல்லை எடுங்கள். மருந்து அலமாரி, இரத்த அழுத்தக் கருவி, சக்கர நாற்காலி 'ருல்லெஸ்தூல்', இரவு வேலை, நீங்கள் படிக்க ஆசைப்படும் 'ஹெல்ஸெஃபாக்ஆர்பைதெர்', அதாவது பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர், என்று பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றிலும் பொருத்தில் பென்சிலால் ஒரு கோடு. முதல் சொல்லின் அழுத்த அசைக்குக் கீழே இன்னொரு கோடு. சந்தேகமாக இருந்தால் நோர்வே அக்கடமியின் பெரிய அகராதி இணையத்தில் இலவசமாக இருக்கிறது, அதில் உச்சரிப்பும் அழுத்தமும் குறித்திருக்கும்.

அப்புறம் சொல்லைச் சொல்லாமல் முதலில் 'ம்' என்று முனகிப் பாருங்கள். மெதிஸீன்ஸ்காப் என்றால் 'ம-ம-மூம்-மம்'. முனகலில் தாளம் சரியாக வந்த பிறகு எழுத்துகளை ஏற்றுங்கள். கடைசியில் முழு வாக்கியத்தில் சொல்லி, போனில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். அன்றே கேட்டால் எல்லாம் சரியாக இருப்பதுபோல்தான் தோன்றும். நூலகங்களில் நடக்கும் மொழிக் கஃபேக்களுக்குப் போக முடிந்தால் போங்கள், இலவசம். அங்கே வரும் தன்னார்வலர்கள் மரியாதைக்காக உங்களைத் திருத்தாமல் விடுவார்கள். 'தயவுசெய்து என் அழுத்தத்தைத் திருத்துங்கள்' என்று நீங்களே கேட்க வேண்டும்.

மேலாளரும் போனும்

நான் வழக்கறிஞர் அல்ல, ஆனால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சமத்துவ, பாகுபாட்டுத் தடைச் சட்டம், இன அடையாளம் என்பதற்குள் மொழியையும் சேர்க்கிறது. ஆகவே மொழியை வைத்துக் கேலி செய்வதும், தேவையில்லாத மொழி நிபந்தனை போட்டு ஒதுக்குவதும் சட்டத்துக்குப் புறம்பு. அதே நேரம், வேலைக்கு உண்மையில் தேவையான அளவுக்கு மொழித்திறன் கேட்க வேலை கொடுப்பவருக்கு இடம் உண்டு. மருந்தும் உயிரும் சம்பந்தப்பட்ட இடத்தில் 'போனில் சொன்னது விளங்க வேண்டும்' என்பது நியாயமான எதிர்பார்ப்பு என்றே பார்க்கப்படும். அதனால் 'என்னை ஒதுக்கிவிட்டார்கள்' என்று இப்போதே முறைப்பாட்டுக்குப் போனால் உங்கள் பக்கம் பலமாக இருக்காது என்பது என் கணிப்பு.

ஆனால் ஒருபோதும் போனைத் தொடக் கூடாது என்று காலவரையின்றிச் சொல்வது வேறு. அதைக் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். மேலாளரிடம் தனியாக நேரம் கேளுங்கள். தடை எத்தனை நாளைக்கு, எதைச் சரிசெய்தால் நீங்கும், அதற்கு வேலைநேரத்தில் என்ன உதவி கிடைக்கும் என்று மூன்றையும் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். அவசரம் இல்லாத அழைப்புகளை இன்னொருவர் பக்கத்தில் இருக்கும்போது நீங்கள் எடுப்பது என்று ஓர் ஏற்பாட்டை நீங்களே முன்வைக்கலாம். போனில் மருந்துப் பெயரோ அளவோ வந்தால் மறுமுனையில் திருப்பிச் சொல்ல வைப்பது எல்லோருக்குமான பாதுகாப்பு முறை, அதைப் பழக்கமாக்குங்கள். தொழிற்சங்கத்தில் இருந்தால் அதன் பிரதிநிதியைக் கூட்டிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கேலி தொடர்ந்தால் தேதி, சொன்ன சொல், பக்கத்தில் இருந்தவர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். சமத்துவ, பாகுபாட்டு ஒம்பூத் (குறைகேள் அதிகாரி) அலுவலகம் இலவசமாக ஆலோசனை சொல்லும். தீர்ப்புச் சொல்வது பாகுபாட்டு முறைப்பாட்டுச் சபையின் வேலை.

வீட்டில் தமிழை நிறுத்தும் யோசனையை விட்டுவிடுங்கள். மகனுக்கு நோர்வேஜிய மொழி பள்ளிக்கூடத்திலும் மைதானத்திலும் தாராளமாகக் கிடைக்கிறது. உங்கள் அழுத்தத்தைக் கேட்டுத்தான் அவன் படிக்க வேண்டும் என்றில்லை. நீங்கள் அவனோடு நோர்வேஜியத்தில் கதைத்தால் உங்கள் பயிற்சி கொஞ்சம் கூடும், ஆனால் அவனுடைய தமிழ் போய்விடும். கணக்குப் பார்த்தால் நட்டம். வேண்டுமானால் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் அவனை உங்கள் பத்துச் சொல்லுக்கு ஆசிரியராக்குங்கள், எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அம்மாவைத் திருத்துவதில் தனிச் சந்தோஷம் உண்டு.

கடைசியாகத் தேர்வு. 2022 அக்டோபர் 1 முதல் குடியுரிமைக்கு வாய்மொழியில் பி1 வேண்டும், அதற்கு முன் ஏ2 போதுமாக இருந்தது. பி1 என்பது நோர்வேஜியர்போல் கதைப்பது அல்ல. வேற்றுமொழிச் சாயல் தெரியலாம், இடையிடையே உச்சரிப்புப் பிழையும் வரலாம், ஆனால் சொல்வது தெளிவாக விளங்க வேண்டும். எழுத்தில் பி2 வாங்கியவருக்குச் சொல்வளமும் இலக்கணமும் ஏற்கெனவே கையில் இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் வழக்கமாக இன்னொரு தேர்வாளரோடு சேர்த்து உட்காரவைப்பார்கள். அவர் வேகமாகக் கதைக்கிறார் என்று நீங்களும் ஓடாதீர்கள், நீண்ட சொல் வரும்போது பொருத்தை நினைத்து ஓர் அசையை நீட்டினால் போதும். தேர்வின் பகுதிகளைத் தனித்தனியாக எழுதலாம். அடுத்த முறை வாய்மொழியை மட்டும் பதியுங்கள், வாசிப்புக்கும் எழுத்துக்கும் மறுபடி காசு கட்ட வேண்டாம்.